முதல் சீட்டை எங்கே போடுவது? புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இடம் தேடும் குடும்பங்களுக்கு

பயாப்சி ரிப்போர்ட் வந்த அன்று இரவே உறவுக்காரர்கள் ஆளுக்கொரு ஊரைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அடையாறு போங்கள் என்பார் பெரியப்பா. வேலூரில்தான் எங்கள் சம்பந்திக்குக் குணமாச்சு என்பார் மாமா. பக்கத்து டவுனில் புதிதாகத் திறந்த தனியார் ஆஸ்பத்திரியில் தெரிந்த டாக்டர் இருக்கிறார் என்று ஒருவர், பம்பாய் டாட்டாவை விட்டால் வேறு இல்லை என்று இன்னொருவர். எல்லாரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் நோயாளிக்கு வேண்டியது இரண்டு தனித்தனிக் கேள்விகளுக்கான பதில். என்ன சிகிச்சை என்று யார் தீர்மானிப்பது? அந்தச் சிகிச்சையை எங்கே இருந்துகொண்டு எடுப்பது?

இரண்டுக்கும் ஒரே இடம்தான் பதில் என்று எண்ணிக்கொள்வதால்தான் பல குடும்பங்கள் திணறுகின்றன. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீர்மானிக்கும் இடம், பல்கலைக்கழகத்தோடு இணைந்து மேற்படிப்பு நடத்தி, ஆராய்ச்சியும் செய்கிற புற்றுநோய் மையமாக இருக்கட்டும். தீர்மானித்த சிகிச்சையில் நாள்கணக்கில் இழுக்கும் பகுதியை, பெரும்பாலான நோய்களுக்கு, வீட்டுக்குப் பக்கத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். சில நோய்களுக்கு மட்டும் இரண்டுமே பெரிய மையத்தில்தான் நடக்க வேண்டும்.

பல்கலைக்கழகத்தோடு இணைந்திருப்பதில் நோயாளிக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். போர்டில் 'ஆராய்ச்சி மையம்' என்று எழுதிக்கொள்வதற்கு இப்போது குறைவே இல்லை. டி.எம்., எம்.சி.எச். போன்ற உயர்சிறப்பு மருத்துவப் படிப்பு படிக்கும் மாணவர்கள் இருக்கும் இடத்தில் ஒவ்வொரு கேஸையும் நாலு பேர் முன்னால் வைத்துப் பேசியாக வேண்டும். அறுவைச் சிகிச்சை நிபுணர், கீமோ டாக்டர், கதிரியக்க நிபுணர், பயாப்சி பார்க்கும் நோய்க்குறியியல் நிபுணர், ஸ்கேன் பார்ப்பவர் என எல்லாரும் உட்கார்ந்து முடிவெடுக்கும் அந்தக் கூட்டத்துக்கு டியூமர் போர்டு என்று பெயர். தனியாக இருக்கும் ஒரு சர்ஜனிடம் போனால் அறுத்துவிடலாம் என்பார். அவருக்குத் தெரிந்தது அது. முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு அறுத்தால் மார்பகத்தையே காப்பாற்றலாம் என்று சொல்ல, பக்கத்து நாற்காலியில் இன்னொருவர் இருக்க வேண்டும். ஒரு மையத்தை எடைபோட நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "எங்கள் கேஸை டியூமர் போர்டில் வைப்பீர்களா, முடிவை ஃபைலில் எழுதித் தருவீர்களா?" ஆம் என்று சட்டென்று பதில் வந்தால் பாதிக் கவலை விட்டது.

இனி இடங்கள்.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தமிழ்நாட்டில் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்றுநோயால் இறந்தார். அந்தத் துக்கத்திலிருந்து பிறந்த மருத்துவமனை 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் வந்து சேர்ந்து 2021-ல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்த டாக்டர் சாந்தாவும் வளர்த்த இடம் அது. புற்றுநோய்க்கான உயர்சிறப்புப் படிப்புகளை நாட்டில் முதலில் தொடங்கிய இடங்களில் அதுவும் ஒன்று. அதன் கல்லூரி தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இந்தப் படிப்பும் ஆராய்ச்சியும் நோயாளியின் படுக்கைவரை எப்படி வந்து சேர்கின்றன என்பதற்குக் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் நல்ல சாட்சி. 1984 வாக்கில் அடையாறு, மும்பை டாட்டா, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தோடு சேர்ந்து, எம்.சி.பி. 841 என்ற ஒரே மருந்து அட்டவணையைப் பின்பற்றத் தொடங்கின. அதற்குமுன் அடையாற்றில் நோய் திரும்பாமல் பிழைத்த குழந்தைகள் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. அதன்பிறகு அந்த எண்ணிக்கை பாதியை ஒட்டி உயர்ந்தது. அட்டவணையை எல்லாரும் ஒரே மாதிரி கடைப்பிடித்ததும், விளைவை வருடக்கணக்கில் எழுதிவைத்ததுமே இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தன.

அடையாற்றின் பலம் இந்த ஒழுங்கும் கட்டணமும். லாபம் பார்க்காத அறக்கட்டளை. இல்லாதவர்களுக்கு இலவசம் அல்லது சலுகை. பலவீனம் கூட்டம். காலையில் போய் உட்கார்ந்தால் மதியம் தாண்டியும் காத்திருக்க நேரும். ஒவ்வொரு முறையும் அதே டாக்டர் முகத்தைப் பார்க்க முடியாது. அதைப் பொறுத்துக்கொள்ள முடியும் என்றால், மார்பகம், கருப்பை வாய், வாய், குழந்தைகளின் புற்றுநோய் ஆகியவற்றுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் அடையாறுதான்.

வேலூர் சி.எம்.சி.யும் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) அதே எம்.ஜி.ஆர். பல்கலைக்கழகத்தோடு இணைந்ததுதான். ஆனால் குணம் வேறு. அது புற்றுநோய்க்கு மட்டுமான இடம் அல்ல; எல்லாத் துறையும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. நோயாளிக்கு ஏற்கெனவே இதய வால்வு கோளாறோ டயாலிசிஸோ இருந்தால் அது பெரிய வசதி. ரத்தப் புற்றுநோய் என்றால் நான் தயங்காமல் வேலூரைச் சொல்வேன். 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்துவருகிறார்கள். ஏ.பி.எல். என்ற கடுமையான ரத்தப் புற்றுநோய்க்கு ஆர்சனிக் ட்ரையாக்சைடை மட்டுமே கொடுத்து, பெரும்பாலானோர் நோய் திரும்பாமல் நீடித்து வாழ்வதை 2006-ல் ஆய்வாக வெளியிட்டார்கள். விலை உயர்ந்த கீமோவைத் தாங்க முடியாத நோயாளிகள் கண்முன் வந்து நின்றதால் எழுந்த ஆராய்ச்சி அது. (ஆர்சனிக் என்றதும் பாஷாணம் சாப்பிடலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இது அளவு பார்த்து, ஈசிஜி எடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரியில் ஏற்றும் மருந்து.)

வேலூர் இலவசம் அல்ல. கார்ப்பரேட் ஆஸ்பத்திரியைவிடக் குறைவு, அவ்வளவுதான். முடியாதவர்கள் அங்கிருக்கும் சமூகப் பணியாளரைப் பார்த்துப் பேச வேண்டும். கூச்சப்பட்டால் நஷ்டம் நமக்குத்தான். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் கூட்டத்தால் லாட்ஜ் வாடகையும் ஏறிக் கிடக்கும். சில துறைகள் ராணிப்பேட்டை வளாகத்தில் இருக்கின்றன. அப்பாயின்ட்மென்ட் சீட்டில் எந்த வளாகம் என்று பார்த்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைப் பக்கம் இருப்பவர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர் ஒரு வரம். மத்திய அரசின் நிறுவனம், மண்டலப் புற்றுநோய் மையம் உள்ளேயே இருக்கிறது. கன்னியாகுமரி, தென்காசிக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் (ஆர்.சி.சி.) அதேபோல. 1981-ல் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தொடங்கியது. அங்கே தமிழ் பேசும் நோயாளிகள் புதிதல்ல. சென்னை தூரம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் இந்த இரண்டையும் மறந்துவிடுகிறார்கள்.

மும்பை டாட்டா மெமோரியல் 1941-ல் திறந்தது. இப்போது அணுசக்தித் துறையின் கீழ், ஹோமி பாபா தேசியக் கல்வி நிறுவனம் என்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் அங்கம். நம் நோயாளிகள் எல்லாரும் அங்கே போக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே கண்டுபிடித்தது நம் ஊர் டாக்டர் கைக்கு வந்திருக்கிறதா என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். ஓர் உதாரணம் சொல்கிறேன், ஏனென்றால் வெற்றிலை, புகையிலை போடும் நம் மக்களுக்கு இது உயிர் விஷயம். நாக்கிலோ கன்னத்திலோ ஆரம்பநிலைப் புற்று. கழுத்தில் நெறி எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை. வாயில் உள்ளதை மட்டும் எடுத்துவிட்டுக் கழுத்தைப் பிறகு பார்க்கலாமா, அதே ஆபரேஷனில் கழுத்து நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிடலாமா? உலகம் முழுக்க நெடுங்காலம் வாக்குவாதமாக இருந்த இந்தக் கேள்விக்கு டாட்டாவில் ஆய்வு நடத்தி 2015-ல் பதில் சொன்னார்கள். சேர்த்தே எடுத்தவர்களில் மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 80 சதவீதம்; காத்திருந்து எடுத்தவர்களில் 67.5 சதவீதம். ஏறக்குறைய எட்டுப் பேரில் ஒரு உயிர். ஆகவே "நாக்கில் சின்னப் புண்தானே, வெட்டிவிட்டால் போதும்" என்று யாராவது சொன்னால், "கழுத்தையும் சேர்த்துப் பார்ப்பீர்களா டாக்டர்?" என்று கேளுங்கள். வேண்டாம் என்பதற்கும் சில நேரம் நியாயமான காரணம் இருக்கும், அதை அவர் சொல்லட்டும். காரணமே சொல்லாமல் நகர்ந்தால் வேறு இடம் பாருங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளைப் பற்றி நம் நடுத்தர வர்க்கத்துக்கு இருக்கும் பயம் பழையது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அண்ணா பெயரில் இருக்கும் புற்றுநோய் மருத்துவமனை, சென்னை ராயப்பேட்டை, மதுரை என்று இப்போது லீனியர் ஆக்சிலரேட்டர் கருவியோடு கதிரியக்கம் கொடுக்கும் அரசு இடங்கள் இருக்கின்றன. அவையும் அதே பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளைச் சார்ந்தவைதான். கருப்பை வாய்ப் புற்றுக்கும் மார்பகத்துக்கும் கொடுக்கும் வழக்கமான கதிரியக்கத்துக்கு இவை போதும் என்பது என் உறுதியான எண்ணம். குறை எங்கே என்றால், ஸ்கேனுக்கும் பயாப்சி முடிவுக்கும் நாள் ஆவது. அதை முன்பே வெளியில் எடுத்துக்கொண்டு போக முடிந்தவர்களுக்கு அந்தக் குறையும் பாதி தீர்ந்துவிடும்.

தனியார் கார்ப்பரேட் ஆஸ்பத்திரியின் பலம் வேகம். இன்று பார்த்தால் நாளை ஸ்கேன், அடுத்த வாரம் ஆபரேஷன். 2020-ல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், அறுவைச் சிகிச்சை நான்கு வாரம் தள்ளிப்போனால் மரண அபாயம் 6 முதல் 8 சதவீதம்வரை கூடுகிறது என்று தெரிந்தது. ஆகையால் வேகத்தை அலட்சியமாகப் பேச முடியாது. பெரிய மையத்தில் ஆபரேஷனுக்கு இரண்டு மாதம் கழித்துத் தேதி கொடுத்தால், அங்கே எழுதிய திட்டத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, அதையே செய்துதரும் நல்ல தனியார் சர்ஜனிடம் போவது சரியான முடிவுதான். திட்டமே இல்லாமல் நேராகத் தனியாரிடம் போய், கட்டியை 'எடுத்துப் பார்த்துவிடலாம்' என்று அறுத்துவிட்டு, பிறகு அது புற்று என்று தெரிந்து பெரிய மையத்துக்கு ஓடுவதுதான் தவறான வரிசை. குறிப்பாகக் கை, கால், தொடையில் வரும் சதைக் கட்டிகளில், பயாப்சி எடுக்காமல் அறுத்தால் அடுத்து செய்ய வேண்டிய ஆபரேஷன் பெரிதாகிவிடுகிறது, சில சமயம் காலே போகிறது. முதல் கத்தி படும் இடம் எது என்பதில்தான் மிகுந்த நிதானம் வேண்டும்.

எங்கள் சித்தப்பா விஷயத்தில் இதை அருகில் இருந்து பார்த்தேன். ஊர் சங்கரன்கோவில் பக்கம். கன்னத்தின் உள்பக்கம் புண், பயாப்சியில் புற்று. சென்னையில் ஒரு மையத்தில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அடுத்து ஆறு வாரம் கரண்ட் (கதிரியக்கம்) வைக்க வேண்டும் என்றார்கள். வாரம் ஐந்து நாள், ஒரு நாளும் விடாமல். சித்தப்பா அன்றைக்கு எழுதிக் காட்டியது இன்னும் என்னிடம் இருக்கிறது, வாயில் தையல் இருந்ததால் பேச முடியாது: "எலே, ஆபரேசனுக்கு எங்க கூப்பிட்டாலும் வாரேன். ஆறு வாரம் மெட்ராஸ்ல கெடக்க என்னால ஆவாது." சித்தி சொன்னதுதான் எனக்கு உறைத்தது. "கரண்ட் வச்சா வாயெல்லாம் புண்ணாவும், சோறு எறங்காதுன்னு சொல்லுதாவ. அடுப்பு இல்லாத லாட்ஜ் ரூம்ல நான் என்னத்தக் கரைச்சுக் குடுப்பேன்?"

பெரிய டாக்டரிடம் தயங்கித்தான் சொன்னோம். அவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை. "நாங்க எழுதிக் குடுக்கறோம்ங்க ஐயா, உங்க ஊர்ப் பக்கத்துலயே வெச்சுக்கலாம். ஆனா ஆபரேஷன் ஆகி ஆறு வாரத்துக்குள்ள ஆரம்பிச்சிடணும், அதுல மட்டும் நாள் தள்ளாதீங்க." எவ்வளவு டோஸ், எந்தெந்த இடம், கூடவே கீமோ உண்டா இல்லையா, எல்லாம் ஒரே தாளில் வந்தது. பாளையங்கோட்டையில் போய்ச் சேர்ந்தோம். வெந்நீரில் நனைத்த பிளாஸ்டிக் வலையை முகத்தில் போர்த்தி அழுத்தி அச்சு எடுத்தார்கள். ஆறியதும் அது அவர் மூக்கும் தாடையும் அப்படியே தெரியும் முகமூடியாக இறுகிவிட்டது. தினமும் அதைப் போட்டு மேசையோடு பூட்டி, தலை ஒரு நூல் அசையாமல் பார்த்துக் கரண்ட் வைப்பார்கள். மூன்றாவது வாரத்தில் சித்தி பயந்தபடியே வாய் வெந்துபோனது. அவள் கம்பங்கூழை மோரில் நைஸாகக் கரைத்து, வடிகட்டி, ஆறவைத்துக் கொடுத்தாள். முட்டை வெள்ளையைக் கஞ்சியில் அடித்துக் கொடுத்தாள். எடை அதிகம் இறங்காமல், ஒரு நாள்கூட விடாமல் முடித்தார். சென்னையில் இருந்திருந்தால் நடுவில் நிறுத்திவிட்டு ஊருக்கு வந்திருப்பார் என்று சித்தி இன்றும் சொல்வாள், நானும் நம்புகிறேன்.

கதிரியக்கத்தில் நடுவில் விடுவது சாதாரண விஷயமல்ல. விட்ட நாள்களில் மிச்சமிருக்கும் புற்றுச் செல்கள் மறுபடி பெருகத் தொடங்கும். கருப்பை வாய்ப் புற்றுக்கு வெளியிலிருந்து வைக்கும் கரண்ட், வாராந்தர கீமோ, உள்ளே குழாய் வைத்துக் கொடுக்கும் கதிரியக்கம் எல்லாம் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும் என்பது விதி. அப்படியானால் மிகச் சிறந்த மையத்தில் தொடங்கிப் பாதியில் விடுவதைவிட, அடுத்த தரத்தில் இருக்கும் பக்கத்து ஊர் மையத்தில் முழுதாக முடிப்பது மேல். மார்பகத்துக்கு இப்போது பலருக்கு மூன்று வாரத்திலேயே கதிரியக்கம் முடிந்துவிடுகிறது. அவர்களுக்கு வெளியூரில் தங்குவது அவ்வளவு பாரமில்லை. தங்க வேண்டிய காலம் எவ்வளவு என்று கேட்டுவிட்டுத்தான் ஊரைத் தீர்மானிக்க வேண்டும்.

இந்தப் பிரிக்கும் முறை ஒத்துவராத நோய்களையும் சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கு வரும் எந்தப் புற்றும், திடீர் ரத்தப் புற்றும் (அக்யூட் லுகேமியா), எலும்புப் புற்றும் நேராகப் பெரிய மையத்துக்கே, முழுச் சிகிச்சைக்கும். திடீர் ரத்தப் புற்றில் நாளைக்குப் போகலாம் என்பதே கிடையாது. ஏ.பி.எல். வகையில் முதல் சில நாள் ரத்தக்கசிவுதான் ஆளைக் கொல்கிறது, அன்றே கிளம்ப வேண்டும்.

ஆராய்ச்சி மையம் என்றாலே "நம்மை வைத்துப் பரிசோதனை பண்ணுவார்கள்" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் விவரம் தெரிந்து பயப்படுவோம். ஆய்வில் சேரச் சொன்னால் தமிழில் எழுதிய சம்மதப் படிவம் தர வேண்டும், படித்துக் காட்ட வேண்டும். மாட்டேன் என்றால் வழக்கமான சிகிச்சை அப்படியே கிடைக்கும். நடுவிலும் விலகலாம். மருந்து ஆய்வால் பாதிப்பு வந்தால் இழப்பீடு உண்டென்று 2019-ன் விதிகள் சொல்கின்றன. ஆய்வு என்றால் எப்போதும் புது மருந்தும் அல்ல. மார்பக ஆபரேஷனுக்குச் சற்றுமுன் கட்டியைச் சுற்றி, பல் பிடுங்கும்போது போடுகிற மாதிரி மரத்துப்போகும் ஊசியான லிக்னோகைனைப் போட்டால் என்ன ஆகும் என்று டாட்டா தலைமையில் இந்திய மையங்கள் 1,600 பெண்களிடம் பார்த்தன. ஐந்து வருடத்தில் உயிரோடிருந்தவர்கள் 86.4 சதவீதத்திலிருந்து 90.1 ஆக உயர்ந்ததை 2023-ல் வெளியிட்டார்கள். காப்புரிமை இல்லாத மலிவான ஒரு மருந்தை இப்படிச் சோதித்துப் பார்க்க எந்தக் கம்பெனியும் முன்வராது. இதற்காகவே இந்த மையங்கள் வேண்டும்.

பணத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடத்துக்கு ரூ.5 லட்சம்வரை உண்டு. அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் இடங்களிலும் செல்லும். தனியாரில் சேரும்முன் காப்பீட்டுக் கவுன்ட்டரில், இந்த நோய்க்கு எந்தெந்தக் கட்டத்துக்குப் பணம் வரும், எதற்கு வராது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஆபரேஷன் காப்பீட்டு அட்டையில் முடிந்து, கீமோவுக்குக் கைக்காசு தேட நேர்ந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். வெளியூர் போகிறவர்கள் ரயில் சலுகையை விட வேண்டாம். மையத்தில் தரும் படிவத்தைக் காட்டினால் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் டிக்கெட் முழு இலவசம், கூடப் போகிறவருக்கு அதில் 75 சதவீதச் சலுகை.

பெரிய மையத்துக்கு முதல் முறை போகும்போது வெறும் ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். பயாப்சி எடுத்த லேபில் கேட்டால் ஸ்லைடுகளையும், மெழுகில் பதித்த சதைத் துண்டான 'பிளாக்'கையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு தருவார்கள். அந்த மெழுகுக் கட்டியைத்தான் அங்கே மறுபடி சீவிப் பார்ப்பார்கள். அது இல்லாவிட்டால் இன்னொரு முறை ஊசி குத்த நேரிடும். வெயிலில் வண்டி டேங்க் கவரில் போட்டு எடுத்துப் போகாதீர்கள், மெழுகு இளகிவிடும். ஸ்கேனின் படத்தோடு சிடியும் வேண்டும். சர்க்கரை, பிரஷர் மாத்திரைச் சீட்டு, பழைய ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரி, காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு நகல் எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்து, அதைத் தூக்கிக்கொண்டு அலைய வீட்டில் ஒருவரை மட்டும் பொறுப்பாக்குங்கள். சிகிச்சை முடிந்தபின் முதல் இரண்டு வருடம் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை செக்கப்புக்குப் போக வேண்டிவரும். அதற்கும் இதே பைதான், இதே ஆள்தான்.